கப்பல் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?

நண்பனின் மகளுக்குப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா எந்த வருடம், எப்படி மலேசியாவுக்கு வந்தார் என்பதுதான் முதல் கேள்வி. அவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, நண்பனின் பெரியப்பா ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டார். "எங்கப்பா வாயைத் தொறந்தா புளுகுதாம்மா. நீர்மூழ்கிக் கப்பல்ல மூட்டை ஏத்தினேம்பாரு, இரும்பு மிதக்கிற தண்ணியப் பாத்தேம்பாரு. அதையெல்லாம் எழுதி டீச்சர் முன்னாடி சிரிப்பா சிரிச்சுப் போகாத. ராஜூலா கப்பல்ல வந்தாரு, 1937. அது ஒண்ணுதான் நெஜம். அதுக்குப் பேப்பர் இருக்கு." நண்பன் அதை அப்படியே எனக்கு அனுப்பி வைத்தான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பெரியப்பா சொன்னது நேர் தலைகீழ் என்பது இப்போது உயிரோடு இருப்பவர்களில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

தாத்தாவை யாராவது புளுகன் என்றால் எனக்குக் கோபம் வராது. அவர் இருந்திருந்தால் அவரே அதைப் பட்டமாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருப்பார். என்னை அரித்தது அந்தக் கடைசி வரி. பேப்பர் இருக்கிறதாம், அதனால் நிஜமாம். நீர்மூழ்கிக்குப் பேப்பர் இல்லை, அதனால் புளுகாம். இதைப் பற்றி எழுதலாமா என்று நண்பனிடம் கேட்டேன். "எழுது, ஆனா பேர் போடாத" என்றான். எங்களுக்கு அவர் என்றைக்குமே கப்பல் தாத்தாதான். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

எண்பதுகளில் நாங்கள் பினாங்கில் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் குடியிருந்தோம். நண்பன் வீடு எங்கள் வீட்டுக்கு மேலே. அப்பாக்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்த காலம் அது. எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. துரத்தப்பட்ட பிள்ளைகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் தாத்தாவின் நாற்காலிதான். பிளாஸ்டிக் கயிறு பின்னிய நாற்காலி, வீட்டு வாசலை ஒட்டி, பொது நடையில். பாத்தேக் சாரோங், கை வைக்காத பனியன், இடுப்பில் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட். அந்த பெல்ட்டில் பை வைத்துத் தைத்திருக்கும். அதற்குள் சில்லறை, ரோக்கோ சுருட்டும் தாள், பிளாஸ்டிக் உறையில் ஒரு சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம். குளிக்கப் போகும்போதுகூட அந்த பெல்ட்டைக் குளியலறைக் கதவின்மேல் போட்டுவிட்டுத்தான் போவார்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் ஒரு கொக்கி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கையோடு வைத்திருக்கும் இரும்புக் கொக்கி. கோணியில் குத்தி ஒரு சுண்டு சுண்டினால் நூறு கிலோ அரிசி மூட்டை முதுகுக்கு வந்துவிடும் என்பார். மரக் கைப்பிடி, அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு நடுவில் குழிந்து, எண்ணெய் தடவியது மாதிரி கறுத்துப் பளபளத்தது. எங்களை அதைத் தொட விடமாட்டார். வெள்ளிக்கிழமை பாட்டி சாமி படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது கொக்கிக்கும் ஒரு பொட்டு வைப்பார். பாட்டிக்கு அவர் கதைகளில் துளி நம்பிக்கை கிடையாது. கொக்கியில் இருந்தது.

அவர் கதை சொல்லும் முறை இதுதான். முதலில் காசு கொடுத்து எங்களில் ஒருவனைக் கீழே அனுப்பி கச்சாங் பூத்தே வாங்கி வரச் சொல்வார். காகிதக் கூம்பைப் பிரித்துத் தரையில் கொட்டுவார். சிமெண்டுத் தரைதான் கடல். முறுக்குத் துண்டு ஸ்வெட்டன்ஹாம் துறை, அந்தப் பக்கம் நீளமாக வைத்தது வெல்ட் கீ, கடலைகள் தொங்கான்கள் என்ற சரக்குப் படகுகள், பெரிய பட்டாணிகள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள். அந்தக் காலத்தில் பல கப்பல்கள் துறைக்கே வராது. கடலில் நிற்கும், தொங்கான்களில் போய்ச் சரக்கை இறக்கி வர வேண்டும். கதை நகர நகர அவர் விரல் கடலைகளைத் தள்ளும். குண்டு விழும்போது உள்ளங்கையால் தரையில் ஓர் அடி, தொங்கான்கள் சிதறும், நாங்கள் பதறி விலகுவோம். கதை முடியும்போது ஜப்பான்காரன் கப்பல் அத்தனையும் தாத்தாவின் வயிற்றுக்குள் போயிருக்கும். எங்களுக்குக் கிடைப்பது வெல்ட் கீ மட்டும், அதுவும் நமுத்த முறுக்கு.

நடுவில் நிறுத்துவதில் அவருக்கு இணை கிடையாது. சரியாகக் கப்பல் சாயும் இடத்தில் "தே ஓ கொண்டா" என்று உள்ளே குரல் கொடுப்பார். தே ஓ வரும், ஆறும், குடிப்பார், ரோக்கோ சுருட்டுவார், பற்ற வைப்பார். அதுவரை கப்பல் சாய்ந்தபடியே நிற்கும். "அப்புறம் தாத்தா?" என்று கேட்டால், "எங்க விட்டேன்?" என்பார். நாங்கள் சரியாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கதை அங்கேயே முடிந்தது, மறுநாள்தான். இதனால்தான் அவர் கதைகள் எங்களுக்கு இன்றைக்கும் வரிக்கு வரி மனப்பாடம். பள்ளியில் எந்த ஆசிரியரும் இந்த வித்தையைச் செய்ததில்லை.

யாரும் நம்பாத கதைகள்

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை, தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள், அதனால்தான் அத்தனை சாவு என்பார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. அம்மாவோடு மாமா வீட்டில் இருந்தாராம். "வெள்ளைக்காரன் பிளேன்னு நெனச்சோம்டா. கை கூட ஆட்டினோம்." அப்புறம் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு தீவை விட்டுப் போனது. கடைசியில் கோட்டையில் பறந்த வெள்ளைக்காரன் கொடியை இறக்கியது ஒரு தமிழர் என்பார். இந்த இடத்தில் பெரியப்பா எப்போதும் சிரிப்பார். "ஆமாமா, நீதான் எறக்கினே" என்பார். தாத்தா கோபப்படாமல், "நான் இல்ல, பேப்பர் நடத்தினவரு ஒருத்தரு, யாழ்ப்பாணத்து ஆளு" என்பார்.

அதற்கடுத்தது நீர்மூழ்கி. ஜப்பான்காரன் காலத்தில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் ஜெர்மன்காரனின் நீர்மூழ்கிகள் வந்து நின்றன, பதினைந்து வயதில் நான் அதில் ஈயக்கட்டி ஏற்றினேன் என்பார். செக்கச்செவேலென்று தாடி வைத்த வெள்ளைக்காரன்கள், ஜப்பான்காரனே அவன்களுக்கு சலாம் வைத்தான், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வெள்ளைக்காரனைத்தானே இவன் துரத்தினான், இது எந்த வெள்ளைக்காரன்? கட்டிகளைப் படகின் அடிவயிற்றில் அடுக்க வேண்டுமாம். உள்ளே எண்ணெயும் வேர்வையும் கலந்த நாற்றத்தில் குமட்டிக்கொண்டு வருமாம். கடலை ஒன்றை எடுத்து சாரோங் மடிப்புக்குள் நுழைத்து மறுபக்கம் எடுத்துக் காட்டுவார். அதுதான் நீர்மூழ்கி.

அதோடு விடமாட்டார். அந்த மாதிரி ஒரு நீர்மூழ்கி பினாங்குக்கு வந்து சேரும் முன்பே அடிபட்டு மூழ்கியது, அதற்குள் இரும்பு மிதக்கிற தண்ணி டன் கணக்கில் இருந்தது, கப்பல் போய் இருபத்தெட்டு வருடம் கழித்து ஆள் இறங்கி எடுத்தான்கள், நான் ஒரு கோப்பையில் ஊற்றி ஆணியைப் போட்டுப் பார்த்தேன், மிதந்தது என்று முடிப்பார். இதைக் கேட்டால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார்.

பாதரசத்தில் இரும்பு மிதக்கும் என்பதை இடைநிலைப் பள்ளி அறிவியல் வகுப்பில் கேட்டபோது நானும் நண்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் பல வருடம் கழித்து, புத்தகங்களில் தேடிப் பிடித்தது. 1943இலும் 1944இலும் பினாங்கு ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குத் தளமாகவே இருந்திருக்கிறது. இந்துமாக்கடலில் கப்பல்களை அடிப்பது, இங்கிருந்து ரப்பர், வெள்ளீயம், டங்ஸ்டன், கொய்னா ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவது, இதுதான் அவற்றின் வேலை. ஈயக்கட்டியைப் படகின் அடியில் அடுக்கியதும் உண்மைதான். மூழ்கிய படகின் எண் யூ-859. 1944 செப்டம்பர் 23 அன்று பினாங்குக்கு அருகே ட்ரெஞ்சன்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை அடித்தது. அதில் இருந்த பாதரசம் சுமார் 31 டன். 1972இல் ஆள் இறங்கி எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பாதரசம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கோட்டைக் கொடியும் அப்படியே. இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். குண்டு போடுவதை நிறுத்தட்டும் என்று, ஊரில் பிரிட்டிஷ் படை இல்லை எனப் பினாங்கு வானொலியிலிருந்து ஜப்பானியர்களுக்கு அறிவித்தவரும் அவர்தான்.

கோப்பையில் ஆணி போட்டுப் பார்த்தது மட்டும் இடிக்கிறது. மீட்ட பாதரசம் சிங்கப்பூருக்குத்தான் போனது, பினாங்குத் துறைமுகத் தொழிலாளியின் கோப்பைக்கு அது எப்படி வந்திருக்கும்? இருக்கட்டும். 31 டன்னில் ஒரு கோப்பை அவர் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாரும் நம்பிய கதை

ராஜூலா கதையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட அதில் என்ன இருக்கிறது? மலேசியாவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் தாத்தாவோ பாட்டியோ ராஜூலாவில் வந்தவர்களாக இருப்பார்கள். 1926இல் ஓட ஆரம்பித்து 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்த கப்பல் அது. தாத்தாவின் ராஜூலாவில் ஆள் மேல் ஆள் படுத்திருந்தார்கள். மேல்தளத்தில் இடம் பிடிக்க முதல் நாளே பாயை விரித்தவன் கெட்டிக்காரன். கீழே மாட்டிக்கொண்டவன் மற்றவர்கள் வாந்தியில் உருண்டான். ஒரு கிழவி ஊர்க் கோவில் மண்ணை முந்தானையில் முடிந்து வந்தாள். மூன்றாம் நாள் அலை தண்ணீர் உள்ளே அடித்து முந்தானை நனைந்து மண் கரைந்து ஓடியது. கிழவி அழவில்லை, ஈரத் துணியை நெற்றியில் வைத்துக்கொண்டாள். இறங்கியதும் ஜெரெஜாக் தீவில் நோய் பார்க்க அடைத்து வைத்து, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, துணிமணியை அவித்துக் கொடுத்தார்கள்.

இந்தக் கதைக்கு மட்டும் கச்சாங் பூத்தே வராது. தரையில் அடி கிடையாது, தே ஓ கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு ஒரே சீராகச் சொல்வார். ஒப்பித்தார் என்றுகூடச் சொல்லலாம். வருடம், மாதம், கூட வந்த மாமன், ஊர், எல்லாம் எப்போது கேட்டாலும் ஒரே வரிசையில் வரும். மற்ற கதைகளில் நீர்மூழ்கி ஒருநாள் ஒன்றாக இருக்கும், மறுநாள் மூன்றாகிவிடும். இதில் ஒரு எழுத்து மாறாது. சின்ன வயதில் அதனால்தான் இதை நம்பினோம் என்று நினைக்கிறேன். பெரியப்பாவும் அதனால்தான் நம்புகிறார்.

பினாங்குப் பாலம் திறந்த அடுத்த வருடம், 1986இல், தாத்தா குடியுரிமைக்கு இன்னொரு தடவை மனுப் போட்டார். எத்தனையாவது தடவை என்று அவருக்கே தெரியாது. மனுப் படிவத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்கால் சட்டை, வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வழிய வகிடு. சட்டைக்குள்ளே அதே பச்சை பெல்ட். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே இருந்த அதிகாரி சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். கயிறு கட்டிய ஒரு ஃபைலை எடுத்து வந்து பிரித்தான். பழுப்பேறிய தாளின் ஓரத்தில் தாத்தாவின் பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் இழுபட்டு.

"பாக்சிக், டத்தாங் நாயிக் கப்பால் அப்பா?" எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று மலாயில் கேட்டான்.

"ராஜூலா, துவான்."

"தாஹுன் பெராப்பா?" எந்த வருடம்?

"தீகா புலோ துஜோ." முப்பத்தேழு.

பையன் தாளைப் பார்த்தான், தலையாட்டினான், ஒரு கோடு போட்டான். அவ்வளவுதான். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இந்தியா என்று எழுதியிருந்ததை நான் தலைகீழாகவே படித்தேன். தாத்தா கை கட்டி நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று அது தெரிந்த நிற்றலாகப் பட்டது. வீட்டு வாசலில் ராஜூலா கதை சொல்லும்போது அவர் அப்படித்தான் கை கட்டிக்கொள்வார்.

செண்டோல் கடையில்

திரும்பும்போது பினாங்கு ரோட்டுச் சந்தில் செண்டோல் வாங்கிக் கொடுத்தார், தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்ட இனிப்பு. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி குடிக்க வேண்டும். நண்பனுக்கு ஒரே குஷி. ஐசி கிடைத்ததும் பாஸ்போர்ட் எடுக்கலாம், நாகப்பட்டினம் போகலாம், தாத்தா கப்பலேறிய இடத்தைப் பார்க்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். தாத்தா பல்லில் ஒட்டிய சிவப்பு அவரையை நாக்கால் தள்ளியபடி சொன்னார்: "எனக்கெதுக்குடா நாகப்பட்டணம்? நான் பத்து காவான்ல பொறந்தவன்."

பத்து காவான் பட்டர்வொர்த்துக்குத் தெற்கே, கடலைத் தாண்டினால் அந்தக் கரை. அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்திருக்கிறார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மருத்துவச்சி பார்த்த பிரசவம். தோட்டத்துக் கணக்கரான கிராணி புத்தகத்தில் எழுதினாரா இல்லையா என்று அம்மாவுக்குத் தெரியாது. எழுதியிருந்தாலும் அந்தப் புத்தகம் சண்டைக் காலத்தோடு போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு ஐசி விஷயமாகக் கூப்பிட்டபோது இதையெல்லாம் அப்படியே சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"கேட்டவன் நல்ல பையந்தான். பொறந்த பேப்பர் காட்டுன்னான். இல்லேன்னேன். அப்ப வந்த பேப்பர் காட்டுன்னான். வந்தாத்தானே பேப்பர் இருக்கும்? பொறந்ததுக்கும் இல்ல, வந்ததுக்கும் இல்லேன்னா எழுதறதுக்கு அவங்கிட்ட கட்டம் இல்ல. எந்தக் கப்பல், எந்தக் கப்பல்னு திரும்பத் திரும்பக் கேக்குறான். எனக்குப் பின்னால வரிசை நிக்குது. அவனுக்கு ஒரு கப்பல் வேணும். குடுத்தேன்."

எந்தக் கப்பலைக் கொடுப்பது? அவர் வாரக்கணக்கில் மூட்டை இறக்கிய கப்பலைத்தான். வருடம், கூட வேலை செய்த ஒருவர் வந்த வருடம். ஊரும் அந்த ஆளின் ஊர்தான், திருவாரூர் பக்கம். பாய் விரித்ததும், வாந்தியும், முந்தானை மண்ணும், இறங்குகிறவர்களின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது காதில் விழுந்தவை. பேப்பரில் ஏறிய பிறகு வீட்டிலும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. "வீட்டுல ஒண்ணு ஆபீசுல ஒண்ணுன்னு பேசினா புள்ளைங்க எங்கியாவது ஒளறிடும். அவனுங்க நீல ஐசிக்கு எவனாவது கேள்வி கேட்டா?" என்றார். அதனால் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டு, மகன்களுக்கு ராஜூலாவை ஊட்டி வளர்த்திருக்கிறார். எங்களிடம் ஏன் சொன்னார் என்று எனக்கு இன்று வரைக்கும் பிடிபடவில்லை. அந்த அதிகாரியின் முன்னால் கை கட்டி நின்றதைப் பேரன் பார்த்துவிட்டான், அதற்காக இருக்கலாம். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்கப்பங்கிட்டகூட மூச்சு விடாத" என்றார். நாங்கள் விடவில்லை.

வளர்ந்த பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலையாகக் குடியிருந்த பிரிட்டிஷ் பிரஜை, 1948ஆம் ஆண்டு மலாயா கூட்டரசு ஒப்பந்தப்படி தானாகவே குடிமகன். பத்து காவான் அன்றைய பினாங்கு செட்டில்மெண்டில் சேர்ந்ததுதான். அதாவது அவர் மனுவே போட்டிருக்கத் தேவையில்லை. கேட்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது, காட்டுவதற்கு ஒரு துண்டுத் தாள் இல்லை. அந்த ஒரு தாளுக்குப் பதிலாகக் கொடுத்த கப்பல், பிறகு ஒவ்வொரு மனுவிலும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த பலர் பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மலேசியா முழுவதும் ஆயிரக்கணக்கில் போனார்கள். தாத்தாவையும் ஒருவர், ஊருக்குப் போய்விடேன், நிலம் நீச்சு இருக்குமே என்று அக்கறையாகக் கேட்டாராம். எந்த ஊருக்கு? அவர் வாழ்நாளில் பினாங்கையும் அந்தக் கரையையும் விட்டால் ஈப்போ வரைக்கும்தான் போயிருக்கிறார். எப்படியோ பெர்மிட் கிடைத்துத் தப்பித்தார். போனவர்களின் டிரங்குப் பெட்டிகளைக் காசு வாங்காமல் ராஜூலாவில் ஏற்றிக் கொடுத்ததைச் சொல்வார். அதிலும் கச்சாங் பூத்தே கிடையாது, ஆனால் கையைக் கட்டிக்கொள்ளவும் மாட்டார்.

1986 மனுவும் தேறவில்லை. தொண்ணூறுகளில் அவர் இறந்தபோது பெல்ட்டில் அதே சிவப்பு ஐசிதான் இருந்தது. தேர்தல் நாளில் பாட்டியை ஓட்டுப் போடக் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே தே தாரிக் கடையில் உட்கார்ந்திருப்பார். வெளியே வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று கேட்பார். பாட்டி சொல்லமாட்டார்.

இதெல்லாம் தெரியாமல் பெரியப்பா ஓய்வு பெற்ற கையோடு தமிழ்நாட்டுக்குப் போய், பேப்பரில் இருந்த அந்தத் திருவாரூர் பக்கத்துக் கிராமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே ஒரு குடும்பம் இவரைக் கட்டிப்பிடித்து அழுது, சொந்தம் என்று சொல்லி, மூன்று வேளை சோறு போட்டு அனுப்பியிருக்கிறது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வட்டாரத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எங்கப்பா பினாங்குக்குப் போனவர் என்று சொன்னாலும், எங்க பெரியப்பாவும்தான் போனாரு, அப்புறம் ஒரு தகவலும் இல்லை என்று சொல்ல ஆள் இருக்கும். அந்த ஊர் அய்யனார் கோவில் கும்பாபிஷேகத்துக்குப் பெரியப்பா இங்கிருந்து பணம் அனுப்பினார். கல்வெட்டில் பெயர் வெட்டிப் படம் அனுப்பியிருக்கிறார்கள். தாத்தா கொடுத்த கப்பல் கடைசியில் போய்ச் சேர்ந்த துறை அது.

நண்பன் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பெரியப்பாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டான். முதலில் நம்பவில்லை. பேப்பர்ல இருக்கே, பேப்பர்ல இருக்கே என்றாராம். அப்புறம் கோபம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று. அப்புறம் பத்து காவானில் எந்தத் தோட்டம் என்று கேட்டிருக்கிறார். அது எங்களுக்கும் தெரியாது. தெரிந்தாலும் இன்றைக்குப் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கும்? 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கேதான் போய் இறங்குகிறது. தொழிற்பேட்டை, புது வீடமைப்பு, ஐக்கியா கடை என்று எல்லாம் வந்துவிட்டது. பேத்தி கல்யாணத்துக்குக் கட்டில் வாங்க அந்த ஐக்கியாவுக்குத்தான் பெரியப்பா போய் வந்தார். தாத்தா பிறந்த மண்ணிலிருந்து தட்டை அட்டைப் பெட்டியில் கட்டில் வந்திருக்கிறது. அய்யனார் கோவில் பணத்தைப் பற்றி நண்பன் மெதுவாகக் கேட்டானாம். "சாமிக்குக் குடுத்தது. சாமி என்ன ஐசியா கேக்கும்?" என்று சொல்லிவிட்டாராம். அந்த நிமிடத்தில் அவர் தாத்தாவின் மகன் என்பதில் சந்தேகமே வரவில்லை என்கிறான் நண்பன்.

பள்ளி வேலைக்கு அந்தப் பெண் இரண்டையும் எழுதிவிட்டாள், பேப்பரில் இருந்ததையும் செண்டோல் கடையில் சொன்னதையும். ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இத்தனையும் எழுதியதால் நான் தாத்தாவை அரிச்சந்திரன் ஆக்கப் பார்க்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யானைக் கதை பச்சைப் புளுகு. அதில் நான் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கமாட்டேன், நண்பனும் அவன் பக்கத்திலிருந்து விட்டுக்கொடுப்பதில்லை. சர்க்கஸ்காரனுக்கு வந்த யானையைக் கப்பலிலிருந்து கிரேனில் இறக்கும்போது வார் அறுந்து யானை கடலில் விழுந்துவிட்டதாம், எல்லாரும் கத்திக்கொண்டிருக்க அது பாட்டுக்குத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு நீந்திப் போய்விட்டதாம். இதுவரைக்கும்கூடப் போகட்டும், யானை நீந்தும். ஆனால் எங்களுக்குப் பதினோரு வயதாகும்போது அந்த யானை நீந்துவதை விட்டுவிட்டு ஃபெரியில் போக ஆரம்பித்திருந்தது. டிக்கெட்டைத் தும்பிக்கையால் நீட்டியதாம். நான் மடக்கினேன். "தாத்தா, இங்கேருந்து பட்டர்வொர்த் போறதுக்குக் காசே வாங்கமாட்டாங்களே. அந்தப் பக்கம் ஏறும்போதுதானே டிக்கெட்?"

தாத்தா ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நான் எப்படா போகும்போதுன்னு சொன்னேன்? திரும்பி வரும்போது குடுத்துச்சு."